ஜாதகத்தின் பின்பக்கம் பத்துப் பேர்

"பத்துப் பேரு! எல்லாம் ஆப்பிரிக்காக்காரனுங்க! பேரு, ஊரு, நட்சத்திரக் குறி வேற போட்டு வச்சிருக்கா ஒங்க மக!"

ஜொகூர் பாரு பக்கம், உலு திராமில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தியவர் வெள்ளையம்மா, மாப்பிள்ளையின் அம்மா. கேட்டுக்கு உள்ளே நின்று தவித்தவர் கிருஷ்ணம்மா, பெண்ணின் அம்மா. பக்கத்து வீட்டில் நான், காய்ந்த துணியை மறுபடியும் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அலமாக், ஐயோ, எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லக்கா!"

"வாசிக்கிறேன், கேளுங்க. கென்யாக்காரரு: தூங்கவே விடல. கானாக்காரரு: ஆரம்பம் ஜோரு, பாதியில விட்டுட்டேன். நைஜீரியாக்காரரு: ரெண்டாந்தடவையும் அழ வச்சிட்டாரு!"

அவர் ஆட்டிய தாள் லோஷினியின் ஜாதகம். வில்லங்கம் அதன் பின்பக்கத்தில். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் கிருஷ்ணம்மா குப்பையில் போட்டதாகச் சரித்திரமே இல்லை. மகளின் ஜாதகத்தையும் அப்படி ஒரு தாளில் நகலெடுத்து, மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டார்.

பதினோரு பேரைத் தட்டிக்கழித்த லோஷினி, முதல்முறையாகச் சரி என்றது வெள்ளையம்மாவின் மகன் ரூபேந்திரனுக்குத்தான். அதுவும் போய்விடும் போலிருந்தது. ஓடிவந்து தாளைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவங்கல்லாம் எழுத்தாளருங்க! எங்க வாசிப்புக் குழுவுக்கு நான் போட்ட லிஸ்ட்டு. தலைப்பு மொத பக்கத்துல இருக்கு."

"எங்க அந்த மொத பக்கம்?"

கிருஷ்ணம்மா தரையைப் பார்த்தார். "அதுலயும் ஒன் ஜாதகந்தான். குளுவாங் மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"ஓ! இன்னொரு மாப்பிள்ள வேறயா?"

லோஷினி உள்ளே போய்ப் பெட்டியோடு வந்து, பத்துப் புத்தகங்களையும் அவர்கள் கார்மேல் பரப்பினாள். நாலு அட்டையில் எழுதிய பெண்களின் படம். வெள்ளையம்மா குரல் கொஞ்சம் இறங்கியது. "பொம்பளைங்களுமா?"

அதுவரை காரை விட்டு இறங்காமல் இருந்த ரூபேந்திரன் இறங்கினான். "அழ வச்சது எது?"

அவள் நீட்டினாள், வாங்கிக்கொண்டான். "அம்மா, ஏறுங்க. போலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து திருப்பிக் கொடுத்தான். கண் சிவந்திருந்தது. வேலைக்குப் போகும் சிங்கப்பூர்ப் பாலத்து மோட்டார் சைக்கிள் புகையாம். போகும்போது கையில் இரண்டு புத்தகம்.

தையில் கல்யாணம் நடந்தது. இருவரும் ஜொகூர் பாருவில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். வெள்ளையம்மா லாயாங் லாயாங்கில் மகள் மலரோடு இருக்கிறார். மருமகள் தங்கமாம், மகன்தான் சாப்பிடும்போது கூடப் புத்தகத்திலிருந்து நிமிர்வதில்லையாம்.