ஐந்தாவது வண்டி கண்ணாடியில் தெரியும்வரை

1

இந்தக் கதை வீட்டுப்பாடமாகப் பிறந்தது. கேரளத்து மட்டாஞ்சேரியில், தமிழ் மாலை வகுப்பில் விசாலாக்ஷி டீச்சர், "அழுகிற கதைகள் போதும். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஜெயித்ததை எழுதுங்கள்" என்றார். நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். மலையாளத்தில் யோசித்துத் தமிழில் எழுதுவேன். கதை எழுதியதில்லை. எனக்குத் தெரிந்து ஜெயித்தவள் மகா அக்கா மட்டும்தான். [ஜெயித்தாளா? நான்காம் பகுதிவரை பொறுக்கவும்.]

முதல் தொடக்கம்: "யானைக் கூட்டம்போல ஐந்து ஜீப்புகள் மழையில்—" வேண்டாம். யானைகள் ஹாரன் அடிப்பதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "பயம் என்றால் என்னவென்றே அறியாத மகா—" பொய். கிளம்பிய அன்று காலையில் அக்கா வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டவள் நான்.

சரி, நேராகச் சொல்கிறேன்.

2

சொந்த வண்டியில் கூடாரம், அடுப்பு, அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஓட்டலே இல்லாத பாதைகளில் கூட்டமாகப் போய்வருவது எங்கள் வழக்கம். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஓவர்லேண்டிங் என்று பெயர். என் அம்மா இதைக் காசு கொடுத்துக் கஷ்டப்படுவது என்பாள்.

மகா அக்கா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அதுவரை கூட்டத்தை நடத்தியவன் விபின். எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறான். அடுத்த கோடையில் இமயமலைப் பயணம். அதை நான் நடத்துகிறேன் என்று அக்கா சொன்னபோது விபின் சிரித்தான்.

"எட்டும் எச்சும் எடுக்கப் படிப்பிக்கிறது வேற, மலை வேற, மகா."*

"அப்ப ஒரு மலையக் காட்டு சேட்டா. அஞ்சு வண்டி போவும், அஞ்சும் ஒண்ணிச்சுத் திரும்பி வரும்."

"ஒண்ணு கொறஞ்சா இமயமலை எனிக்கு. கேட்டோ?"

"கேட்டாச்சு."

* கேரளத்தில் உரிமம் வாங்க எட்டு வடிவத்திலும் எச் வடிவத்திலும் வண்டியோட்டிக் காட்ட வேண்டும். விபினும் எடுத்தவன்தான்.

[விபினைக் கெட்டவனாக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. முதல் பயணத்தில் நான் பசி என்று சொல்லக் கூச்சப்பட்டபோது, கேட்காமலே பொரோட்டா பொட்டலத்தை நீட்டியவன் அவன்.]

கிளம்பும் முன் அக்கா ஒரே ஒரு விதி சொன்னாள். "முன்னாடி போறவன நம்பாதீங்க. பின்னாடி வர்றவனக் கண்ணாடில பாருங்க. திருப்பத்துல அவன் தெரியலன்னா அங்கயே நில்லுங்க. வழி தப்பினவன் கடைசியா நம்மளப் பாத்த திருப்பத்துக்கு வரணும். நாங்க அங்க நிப்போம்."

3

ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே பத்து ஜீப்புகள் அங்கே நிற்கும்.

மழை. முன்வண்டியில் அக்காவும் நானும். இரண்டாவது விபின். அவன் பின்கண்ணாடியைக் கூடார மூட்டை மறைத்திருந்தது. நகர்த்த அவனுக்குச் சோம்பல். ஓடைக்குப் போகும் வழியில் அக்கா வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள்.

"ரெண்டு?"

"உண்டு."

"மூணு?"

இரைச்சல். நாலு, இரைச்சல். அஞ்சு, அதுவுமில்லை.

கடைசியாக எல்லோரும் சேர்ந்திருந்த திருப்பத்துக்குத் திரும்பினோம். போனில் சிக்னல் இல்லை. விபின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். ஓடை அவன் பேச்சில் தோடு. "தோட்டில வெள்ளம் ஏறும் மகா. இப்பக் கடந்தாக் கடந்தது. ஞான் அக்கரைல டென்ட் அடிக்கிறேன். அவங்க மெல்ல வந்தோளும்."

"நில்லு சேட்டா."

"நிக்கிறது லீடரோட வேல. நீதானே லீடர்?"

போய்விட்டான். அக்காவின் கை கியருக்குப் போனது, திரும்பி மடிக்கு வந்தது.

"நாமளும் போயிரலாம்னு தோணுதுடி சுமா."

"போலாமா?"

"விதி சொன்ன நாறியும் நாந்தானே."

[இங்கே அக்காவின் மனதுக்குள் ஒரு பக்கம் போகலாம் என்று டீச்சர் சொல்வார். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன், மனதுக்குள் இல்லை. நகத்தைக் கடித்தாள். அவ்வளவுதான் தெரியும்.]

பிறகு வளைவில் விளக்குகள். மூன்று வண்டிகள் வரிசையாக. முதலில் இறங்கியவர் மூன்றாவது வண்டிக்காரர் ரமேஷ்பாபு. கையில் தூக்குவாளி.

எங்கள் வண்டிகளுக்கு அடையாளமாக மஞ்சள் நாடா கட்டியிருந்தோம். ஒரு கல்யாண வீட்டாரும் அப்படியே கட்டியிருந்தார்கள். ரமேஷ்பாபு மழையில் மாப்பிள்ளை ஜீப்பைப் பின்தொடர, மற்ற இரண்டும் அவரைப் பின்தொடர, மூன்றும் பந்தலுக்குள் போய் நின்றிருக்கின்றன. [இதை நான் கற்பனை செய்திருந்தால் இன்னும் நம்பும்படி செய்திருப்பேன்.]

"பொண்ணுக்குத் தாய்மாமன்னு நெனச்சு முன்வரிசைல உக்கார வெச்சுட்டாங்க மகாம்மா. ரெண்டாவது பாயசத்துலதான் விதி ஞாபகம் வந்துச்சு."

அக்கா அவரை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வாளியைத் திறந்து, மூடியில் ஊற்றிக் குடித்தாள்.

4

நான்கு வண்டிகளும் ஓடைக்குப் போனபோது, நடுவில் விபினின் வண்டி. செம்மண் தண்ணீர் கதவின் பாதிவரை. வயர்லெஸ்ஸில் ஒரே சொல்: "மகா. மகா."

அக்கா தன் வண்டியின் விஞ்ச் கம்பியை, மோட்டார் சுருட்டும் இழுவைக் கம்பியை, இழுத்துக்கொண்டு, கோலால் ஆழம் பார்த்தபடி தண்ணீரில் நடந்து போய், அவன் வண்டியில் மாட்டிவிட்டு வந்தாள். கம்பி அறுந்தால் ஆளை வெட்டும் என்று என் மழைக்கோட்டை அதன்மேல் போர்த்தி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். விஞ்ச் சுற்றியது. விபின் வரவில்லை. எங்கள் வண்டிதான் சேற்றில் வழுக்கி ஓடையை நோக்கிப் போனது.

"பின்னாடி கட்டுங்க! மூணையும்!"

எங்களுக்குப் பின்னால் ரமேஷ்பாபு, அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு. பட்டைக்கயிறுகள் விறைத்தன. வழுக்கல் நின்றது. ஆனாலும் விபின் அசையவில்லை. அக்கா எட்டிப் பார்த்தாள். பிறகு டிரைவிங் ஸ்கூல் மைதானமே அதிரும் அந்தக் குரல்:

"ஹேண்ட்பிரேக்க விடு சேட்டா! ஹேண்ட்பிரேக்கு! எச் எடுக்க வர்ற பிள்ளைங்ககூட இதச் செய்யாது! தண்ணியப் பாக்காத, என்னப் பாரு! ஸ்டியரிங் நேரா!"

விட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, தண்ணீரைக் கக்கிக்கொண்டு கரையேறியது. ஐந்து வண்டிகள், ஒரே கயிற்றில். யார் முதலில் ஹாரன் அடித்தது என்று தெரியாது. விபின் வண்டியும் அடித்தது, நனைந்த கோழிபோல. நான் அழவில்லை. [அழுதேன். டீச்சர் மன்னிக்க.]

5

முடிவு அ: விபின் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்— இல்லை. அவன் கேட்டது, "பாயசம் பாக்கி உண்டா?"

முடிவு ஆ: மறுநாள் விடியலில் ஓடையைக் கடந்து வெற்றிக்கொடி— கடக்கவேயில்லை. "தண்ணி வேண்டாங்குது" என்றாள் அக்கா; ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பினார்கள். அன்றிரவு கல்யாண வீட்டுத் தோப்பில் கூடாரம் அடித்தோம். மட்டாஞ்சேரி வரை என் வேலை கண்ணாடியைப் பார்ப்பது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஐந்தாவது வண்டிவரை தெரிந்தது.

முடிவு இ இன்னும் நடக்கவில்லை. இன்று இமயமலைக்குக் கிளம்புகிறோம். முன்வண்டி அக்காவுடையது. கடைசி இடத்தை விபின் கேட்டு வாங்கிக்கொண்டான். கூடார மூட்டையை வண்டிக் கூரைக்கு மாற்றிவிட்டான். ஐந்தும் திரும்பி வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். அக்கா ஹாரன் அடிக்கிறாள். இன்று வாந்தி எடுக்கவில்லை.

விதி உங்களுக்கும்தான். கதையை இந்தத் திருப்பத்தில் நிறுத்தியிருக்கிறேன். மீதியை நீங்கள் ஓட்டி வாருங்கள். கண்ணாடியில் உங்கள் விளக்கு தெரிந்ததும் நாங்கள்—