வேலிக்கு வாங்கிய வாயு

கைர்கெனின் மகன் அல்டியார் பனிப்புயலில் செத்தான். அஸ்தானாவிலிருந்து கரகண்டாவுக்கு வரும் வழியில் கார் நின்றுபோனது. ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் உட்கார்ந்தபடியே விறைத்துவிட்டான். ஒரே பிள்ளை. படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம் அது.

வருஷம் திரும்புவதற்கு முன், மண் உறைவதற்குள் நினைவு விருந்து வைத்துவிட வேண்டும். விருந்துக்கு வருகிறவர்கள் அவனைப் புதைத்த கபரைப் பார்க்கப் போவார்கள். அதற்குள் அதைச் சுற்றி இரும்பு வேலி நிற்க வேண்டும். கபர்ஸ்தான் வாசலிலேயே பட்டறை இருக்கிறது, அளவு சொன்னால் போதும், செய்து நட்டுவிடுவார்கள். கைர்கெனின் மனைவி ஸாபிரா அதைத்தான் சொன்னாள்.

"எல்லாரும் அங்கதானே செய்யச் சொல்றாங்க. நாமளும் சொல்லிடுவோம்."

"ஒரே அச்சுல அடிச்ச வேலி. என் புள்ளைக்கு அது வேண்டாம். நானே செய்வேன்."

"உனக்கு வெல்டிங் தெரியுமா? பஸ் ஓட்டத்தானே தெரியும்?"

"கத்துக்குவேன்."

அந்த வீட்டில் பேச்சு எல்லாமே அந்த அளவில்தான் நின்றுகொண்டிருந்தது.

கைர்கென் வெல்டிங் மெஷின் வாங்கப் போனான். துப்பாக்கி போன்ற பிடியிலிருந்து கம்பி தானே வந்துகொண்டிருக்கும் வகை. புதிதாகக் கற்பவனுக்கு அதுதான் சுலபம் என்றார்கள். கடையில் இருந்தவன் ரினாத், தாத்தார் இனத்தவன். வாய் ஓயாதவன், ஆனால் பொய் சொல்லி விற்கிறவன் இல்லை.

"மெஷின் எது வேணா எடுத்துக்கங்கண்ணே. கேஸ்தான் முக்கியம். உருகுற இரும்புல காத்து படாம அதுதான் மூடிக் காப்பாத்தும். தனி கார்பன் டை ஆக்சைடு சல்லிசு, நல்லா உள்ள இறங்கும். ஆனா பொறி தெறிச்சு சட்டையெல்லாம் சல்லடையாயிடும். அதோட ஆர்கான் கலந்தது கொஞ்சம் விலை. புதுசா பழகுற கைக்கு அதுதான் தோது, பத்து, அதான் இரும்பு உருகி ஒட்டுற தடம், அழகா விழும். தனி ஆர்கான் பக்கம் போகாதீங்க, அது அலுமினியத்துக்கு."

"கலந்ததே குடு."

"இருங்க. என்ன செய்யப் போறீங்க? வேலை உள்ளயா, வெளியவா?"

கைர்கென் வாயைத் திறந்தான். கபர் என்ற சொல் வரவில்லை. மகனைப் புதைத்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை.

"கேட்டு," என்றான். "வீட்டு கேட்டு. கராஜுக்குள்ளதான் செய்யறேன்."

"அப்ப கவலையே இல்ல. கலந்ததே எடுத்துட்டுப் போங்க."

ரினாத் சிலிண்டரை உருட்டி வந்து காரில் ஏற்றிக் கொடுத்தான்.

கோடை முழுக்க, பணி முடிந்ததும் கைர்கென் நேராகக் கராஜுக்குப் போனான். ஆரம்பத்தில் வேலிக்கான இரும்புக் குழாய் சூட்டில் உருகி ஓட்டை விழுந்தது. பிறகு கம்பி ஒட்டிக்கொண்டு திணறியது. பக்கத்துக் கராஜ்காரன் ஜுமாஷ் எட்டிப் பார்த்துக் கேலி செய்வான்.

"என்னய்யா, பஸ்ஸுக்கு இன்னொரு கதவு வைக்கிறியா? பார்த்து, டிரைவரை உள்ள வச்சுப் பத்தவச்சு மூடிடாத!"

கைர்கென் முகமூடியைக் கழற்றாமலே, "உன் வாயைப் பத்தவைக்கத்தான்டா பழகுறேன்" என்பான். அந்தக் கோடையில் அவன் சிரித்தது அங்கே மட்டும்தான்.

கை மெல்லப் பழகியது. பத்து சீராக, மீன் செதில் அடுக்கியதுபோல் விழத் தொடங்கியது. ஒரு மாலை ஸாபிரா கராஜுக்கு வந்தாள். பிள்ளையின் பெயரை இரும்பில் வளைத்து வைத்திருந்ததைப் பார்த்தாள். எழுத்துகளை விரலால் தடவிவிட்டு, ஒரு குழாயை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். அவள் பிடிப்பாள், அவன் பத்தவைப்பான்.

நான்கு பக்கமும் தயாரானதும் ஜுமாஷின் வேனில் ஏற்றினார்கள். ஜெனரேட்டரும் அவனுடையதுதான். கபர்ஸ்தானில் தூண்களை நட்டு, பக்கங்களை மூலையில் சேர்த்துப் பத்தவைப்பது மட்டும் பாக்கி.

நகருக்கு வெளியே புல்வெளியில் மறைப்பு எதுவும் இல்லை. ஒரு மரம்கூடக் கிடையாது. காற்று தரையோடு வாரிக்கொண்டு வீசியது. கைர்கென் முகமூடியை இறக்கி முதல் மூலையைத் தொட்டான். சத்தமே வேறாக இருந்தது, சடசடவென்று. முகமூடியைத் தூக்கிப் பார்த்தான். பத்து முழுக்கச் சொத்தைப் பல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

வாயுவைக் கூட்டினான். அப்படியேதான் வந்தது. இன்னும் கூட்டினான். ஸாபிரா தன் கோட்டைக் கழற்றி விரித்துக் காற்றுக்கு எதிரே நின்றாள். ஜுமாஷ் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பிடித்தான், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசியில் சீறல் அடங்கி சிலிண்டர் தீர்ந்தது. கைர்கென் மூலையைப் பிடித்து இழுத்தான். பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது.

அவன் அதை வீசி எறிந்தான். பிறகு மகனின் கபர் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். புதைத்த அன்று அவன் அழவில்லை, வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஜுமாஷ் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஸாபிரா கோட்டைக்கூடப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுகூட என்னால முடியல ஸாபிரா. ஒரு வேலி. அதுகூட முடியல."

"எந்திரி. மண்ணு சில்லுன்னு இருக்கு," என்றாள் அவள்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். ஸாபிரா பொறுக்கி எடுத்து வந்திருந்த உடைந்த துண்டை ரினாத் திருப்பிப் பார்த்தான்.

"காத்துல வச்சுப் பண்ணுனீங்களா? காத்து கேஸை அடிச்சுட்டுப் போயிடுச்சுண்ணே. அன்னிக்கே கேட்டேனே, உள்ளயா வெளியவான்னு. கேட்டுதான், கராஜுக்குள்ளதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

கைர்கென் தரையைப் பார்த்தான். ஸாபிராதான் பேசினாள்.

"கேட்டு இல்ல தம்பி. எங்க பையனோட கபருக்கு வேலி."

ரினாத் துண்டை மேசைமேல் மெதுவாக வைத்தான்.

"தெரியாம ஏதேதோ பேசிட்டேன், மன்னிச்சுக்கங்கக்கா." உள்ளே போய் ஒரு கம்பிச் சுருளை எடுத்து வந்தான். "இதுக்கு கேஸே வேண்டாம். கம்பிக்குள்ளயே மருந்து இருக்கு, எரியும்போது புகையா வந்து அதுவே மூடிக்கும். மெஷின்ல பிளஸ் மைனஸை மாத்திப் போட்டுடுங்கண்ணே, மறந்துடாதீங்க. பார்க்க அசிங்கமா இருக்கும். ஆனா பிடிச்சுக்கும்."

அசிங்கமாகத்தான் இருந்தது. மூலைகள் கறுத்துக் கரடுதட்டிப் போயின, சுற்றிலும் பொறி தெறித்து ஒட்டிக்கொண்டது. கைர்கென் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தான், பெயிண்ட் அடித்துப் பார்த்தான். மறையவில்லை. காலால் உதைத்துப் பார்த்தான், அசையவில்லை.

விருந்துக்குச் சொந்தமெல்லாம் வந்தது. முல்லா ஓதினார், குதிரைக்கறி வெந்தது, கூடாரத்தில் இடம் போதாமல் பந்தி பந்தியாக உட்கார்ந்தார்கள். கபரைப் பார்த்துவிட்டு வந்த கைர்கெனின் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டா, மூலையெல்லாம் மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு? நாலு பேரு பார்க்கிற இடம். நல்ல ஆளா வச்சுச் செய்யக் கூடாதா?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஸாபிரா நிமிர்ந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது மச்சான். அது அப்படியேதான் இருக்கும். சாப்பிடுங்க."

எல்லோரும் போன பிறகு வீடு மறுபடி காலியானது. ஒரு வருஷம் போனால் ஆறிவிடும் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். ஆறவில்லை. அதுவரை செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, இப்போது அதுவும் இல்லை. கைர்கென் காலையில் பஸ்ஸை எடுத்தான், மாலையில் திரும்பினான். ஸாபிரா மகனின் அறைக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வேலிக்குள்ள பனி சேர்ந்திருக்கும். வர்றியா?"

அவன் பூட்ஸை மாட்டினான்.