சங்குக்குச் சொன்ன ‘ம்’

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு பிள்ளைகளின் வயிற்றுக்குள் வாத்தியங்கள் குடியேறின. அன்று முட்டை போடுகிற நாள்.

கதை சொல்லியே பிள்ளைகளுக்கு வாத்தியங்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வாத்தியம் எதுவும் வரவில்லை, படம் போட்ட சார்ட் ஒன்றுதான் வந்தது. டீச்சர் செல்வராணி அதற்கெல்லாம் சளைத்தவளா என்ன? சார்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஆரம்பித்தாள். திருவிழாவுக்குப் புறப்பட்ட வாத்தியங்கள் வழியில் மழையில் மாட்டிக்கொண்டனவாம். தவில் வந்து, “கண்ணு, ஒன் வயித்துக்குள்ள கொஞ்சம் ஒதுங்கிக்கவா?” என்று கேட்டதாம். கதைக்கு உம் கொட்டிப் பழகிய பிள்ளைகள் அல்லவா, அடைக்கலம் என்கிற பையன் ‘ம்’ என்றான். நாதஸ்வரத்துக்கு ஒருத்தி ‘ம்’ என்றாள், ஜால்ராவுக்கு இரட்டைப் பிள்ளைகள், உறுமிக்கு இன்னொருவன். கடைசியில் சங்கு வந்தது. எந்த வீட்டில் சங்கு ஊதுவார்கள் என்று அந்த ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. செல்வராணியின் சொந்த மகள் தன்ஷிகா மட்டும், பாவம் நனைகிறதே என்று நினைத்தாளோ என்னவோ, ‘ம்’ என்றாள். அந்த நேரம் பார்த்து உதவியாளர் மீனம்மாள், “முட்டை ஆறுது, வாங்க டீச்சர்” என்று குரல் கொடுக்க, மழையை நிறுத்தாமலே கதையை விட்டுவிட்டு எழுந்தாள் செல்வராணி.

மறுநாள் காலை திருப்பதி தன் மகன் அடைக்கலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “இங்கிட்டு காதை வச்சுக் கேளுங்க டீச்சர். விடிஞ்சதுலேர்ந்து உள்ள அடிக்கிது.” கேட்டாள். நல்ல கை, தாளம் தப்பவில்லை. மற்றவர்களும் அப்படியே: விக்கினால் ஜால்ரா, ஏப்பம் விட்டால் நாதஸ்வரம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் எடுத்த ஸ்கேனில் தின்ற முட்டைதான் தெரிந்தது. ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. மேளக்காரருக்குப் பதிலாக நாலு பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்துக் காதுகுத்தை முடித்துக்கொண்டவர்களும் உண்டு.

தன்ஷிகா ஐந்து நாள் சத்தமில்லாமல் இருந்தாள். ஆறாம் நாள் இட்லி தின்ன வாயைத் திறந்தபோது சங்கு நீளமாக ஊதியது. ஊதி முடிந்ததும் இன்னொரு இட்லி கேட்டாள். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த செல்லமுத்து, ஒரு தலைவலிகூட இல்லாத மனிதர், மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் ஊதியபோது இன்னொருவர். அதன்பின் தன்ஷிகா தெருவில் நடந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. “புள்ள வாயைத் துணியால கட்டுங்க” என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா, பெற்ற பிள்ளை தலையில் விடிந்ததே என்று செல்வராணி அழுதாள்.

மீனம்மாள்தான் சொன்னாள்: “மழைய நிப்பாட்டாம எந்திரிச்சு வந்துட்டீங்க. அதுக எப்புடி வெளிய போவும்?”

திங்கட்கிழமை பிள்ளைகளை உட்காரவைத்து மழையை நிறுத்தினாள். தவில் கோயிலுக்குப் போனது என்றாள். அடைக்கலம் ‘ம்’ என்றான், வயிறு அடங்கியது. நாதஸ்வரம் கல்யாண வீட்டுக்குப் போனது. ஒவ்வொன்றாகக் கிளம்பின. சங்கின் முறை வந்ததும் தன்ஷிகா உம் கொட்டவில்லை.

“அத யாரும்மா வீட்டுக்குள்ள விடுவாங்க? அது எங்கிட்டு போவும்?”

பிள்ளைகள் எல்லாம் செல்வராணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு சொன்னாள்: சங்கு டீச்சரிடம் வந்து, “ஆத்தா, நான் ஒதுங்கிக்கவா?” என்று கேட்டதாம். சொல்லிவிட்டு அவளே ‘ம்’ என்றாள். தன்ஷிகாவும் ‘ம்’ என்றாள். செல்வராணியின் தொண்டையில் ஏதோ சில்லென்று இறங்கியது.

மூன்று வருஷம் ஆகிறது. தன்ஷிகா இரண்டாம் வகுப்பு, வாய் ஓயாத பேச்சு. செல்வராணி அதே அங்கன்வாடியில்தான் இருக்கிறாள். தொண்டை கனத்தால் பிள்ளைகளை மீனம்மாளிடம் விட்டுவிட்டு வெளியே போய், வயலைப் பார்த்து நின்று ஊதவிடுவாள். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, “யாரு டீச்சர்?” என்பார்கள். “தெரியலைங்க, வீட்டுக்குப் போய்ப் பாருங்க” என்பாள். அவர்களும் போய்ப் பார்ப்பார்கள். அவள் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுவாள். அங்கே தலைமையாசிரியை போனை எடுத்து ஹலோகூடச் சொல்வதில்லை. “இருக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.