இரண்டு முறை வாசித்த பெயர்

“கோயில்ல செத்தவங்களுக்கு வாசிக்கிற பேரோட என் புள்ள பேரக் குடுத்தியா? யாரக் கேட்டுடி குடுத்த?”

“யாரக் கேக்கணும் அத்தை? அவர் எனக்கும்தான்...”

“படகு மூங்கில்தானே கரைக்கு வந்துச்சு! ஆள் வரலியே! ஆள் வராம எப்படி...”

“ஜூலை போயி கிறிஸ்துமஸே வந்தாச்சு. இன்னும் எத்தன நாளு வருவாரு வருவாருன்னு சோத்த மூடி வைக்கிறது?”

பனிங் அகப்பையைச் சட்டிக்குள் விட்டெறிந்தாள். “சாமிக்கே தெரியாதத நீ போய்ச் சொல்லிக் குடுத்துட்ட.”

“நீங்கதான் சாமியே இல்லன்னுட்டீங்களே. இல்லாதவர்கிட்ட நான் யார் பேரச் சொன்னா உங்களுக்கென்ன?”

பனிங்கின் மகன் டெல்ஃபின் மீன்பிடிக்கப் போன படகில், கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் கட்டும் மூங்கில் மட்டும் ஜூலைப் புயலுக்குப் பிறகு கரை ஒதுங்கியது. அன்றோடு அவள் கோயில் பக்கம் போவதை விட்டிருந்தாள். ஊர் வழக்கப்படி செப்டம்பரிலேயே வீடெல்லாம் கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூடுகள் ஏறிவிட்டன. இந்த வாசலில் மட்டும் வெறும் ஆணி. இழவு வீட்டில் எப்படி மாட்டுவது என்று மருமகள் மெர்லிண்டாவும், கொண்டாட என்ன இருக்கிறது என்று மாமியாரும் விட்டுவிட்ட ஆணி. இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியற்காலைப் பூசைகளில் எட்டு முடிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் மணியடிக்கும்போது பனிங் தலையணையால் காதை மூடிக்கொண்டு கிடந்தாள்.

அன்று மாலை அவளே கோயிலுக்குப் போனாள். பூசையில் பெயர்களை வாசிக்கும் உபதேசியார் திபுர்சியோ பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“என் புள்ள பேர அடிச்சிடு.”

“குடுத்தது அவன் பொஞ்சாதி. அவ வந்து சொல்லாம நான் எப்படிக்கா அடிப்பேன்?”

பனிங் நகராமல் நின்றாள். “கடல்ல இருக்கறவங்களுக்கும் வேண்டுவீங்கல்ல? அதுல போடு.”

“யாரு பேர?”

“அதே பேரத்தான்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்; பூவை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். வெளியே வரும்போது அவளுடைய விரல் தானாக வாசல் தொட்டியிலிருந்த தீர்த்தத்தைத் தொட்டது. விரலைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள்.

மறுநாள் மணிக்கு முன்பே எழுந்துவிட்டாள்.

“எங்க அத்தை கெளம்பிட்டீங்க?”

“நீ போற எடத்துக்குத்தான். வாயப் பாக்காம நட.”

கோயில் நிரம்பி வழிந்தது. மணிகள் குலுங்க எல்லாரும் எழுந்து பாடியபோது தன் தொண்டையிலிருந்தும் பாட்டு வருவதைப் பனிங் கேட்டாள். யாரோ பாடுவது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு முடியும்வரை நெஞ்சில் கல் இல்லை. கூடை நிறைய மீனோடு டெல்ஃபின் வாசலில் நிற்கும் காலையில் மட்டும் வரும் ஒரு லேசு. வெட்கமாகக்கூட இருந்தது.

பிறகு பெயர்கள்.

“கடலில் இருக்கும் டெல்ஃபின் அபெய்ன்சா பத்திரமாகக் கரை சேர.”

மெர்லிண்டா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பனிங் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து இறந்தவர்கள். நாலைந்து பெயருக்குப் பின் உபதேசியார் நின்றார், இருமினார்.

“இறந்த டெல்ஃபின் அபெய்ன்சாவின் ஆன்மாவுக்காக.”

“நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தாரும் ஆண்டவரே” என்றது கோயில் முழுவதும்.

பனிங்கின் வாயும் சொல்லிவிட்டது. அறுபது வருடமாகச் சொல்லிப் பழகிய வாய். கையால் அதைப் பொத்தினாள். அதற்குள் சொல் போய்விட்டிருந்தது.

வெளியே வாழையிலையில் சுட்ட பிபிங்கா என்ற அரிசி அப்பம் ஒன்றை மெர்லிண்டா வாங்கிவந்தாள். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஓரங்களைப் பிய்த்துத் தின்றார்கள். நடுவிலிருந்த உப்பு முட்டை எப்போதும் டெல்ஃபினுக்கு. இருவர் விரல்களும் அதைத் தொடாமல் சுற்றிப் போயின. கடல் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது; ஒரு படகும் இல்லை.

“பழைய நட்சத்திரம் பரண்ல கெடக்கும்,” என்றாள் பனிங். “எலி கடிக்காம இருந்தா எடுத்து மாட்டு.”

மெர்லிண்டா தலையை ஆட்டினாள். இலையை மடித்தாள், பிரித்தாள், திரும்பவும் மடித்தாள்.

“அத்தை, முதல்ல வாசிச்சது, ரெண்டாவது வாசிச்சது... சாமி எதக் காதுல வாங்கியிருப்பாரு?”