விளக்கேற்ற மட்டும்

ஐந்தரைக்கு எழும்பினேன். முகம் கழுவினேன். தேத்தண்ணி போட்டேன். இரண்டு துண்டு பாணுக்கு மாஜரின் பூசி ஒன்றைத் தின்றேன், மற்றதைப் பேப்பரில் சுற்றினேன். சப்பாத்துக்குள் ஈரம் காயவில்லை. அப்படியே போட்டேன். என் மனைவி வேரோனிக்கா பஸ் தரிப்பில் கார் அடித்துச் செத்து இருபத்தாறு நாள்.

ஆறு மணிக்கு நவரட்ணம் அண்ணை போன் எடுத்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு அவர் தலைவர். வேரோனிக்கா செயலாளராக இருந்தவள். வருகிற ஞாயிறு சங்கத்தின் 'சுயநிர்ணய உரிமை நாள்'.

"பஸ்ரியன், உந்த லோர்ணா விஷயம். எம்.பி. வாறார். உவ ஏறி நின்று காணி, ஒப்பந்தம் எண்டு தொடங்கினா மனுசன் எழும்பிப் போயிடுவார். பேச்சு வேண்டாம், விளக்கேத்தட்டும். இறகு கிறகு வைச்சுக்கொண்டு வந்தா வீடியோவுக்கும் வடிவா இருக்கும்."

"வேரோனிக்கா அவவுக்குப் பத்து நிமிசம் எண்டு சொன்னவ, அண்ணை."

"ஜனவரியில ஒட்டாவாவில அரசாங்கம் அவையிட்ட மன்னிப்புக் கேட்டாச்செல்லே? இன்னும் என்ன வேணுமாம்?"

நான் ஓம் என்றேன். வாய் தானாகச் சொன்னது.

லோர்ணா கனடாவின் பூர்வகுடிப் பெண், வேரோனிக்காவோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவள். ஊர் வடக்கே ஓர் ஏரிக்கரை. அவளுடைய முன்னோர் அரசோடு செய்த ஒப்பந்தத்தில் நிலத்தைப் பங்கிட்டார்கள். மீன்பிடியைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். எழுத்தில் இருக்கிறது. போன ஒக்டோபரில் அவளுடைய தம்பி வலை போட்டான். அதிகாரிகள் வலையையும் படகையும் கொண்டுபோனார்கள். ஒட்டாவா மன்னிப்பு, அவர்களுடைய பிள்ளைகளைப் பிடித்து அடைத்த பள்ளிக்கூடங்களுக்கு மட்டும். வலை திரும்பி வரவில்லை. போரில் கடலில் மீன்பிடிக்கத் தடை போட்ட காலத்தில் மன்னாரில் வேரோனிக்காவின் அப்பாவின் வலையும் கரையோர வாடிக்குள் கிடந்தே உக்கிப்போனது. இரண்டு பெண்களும் உருளைக்கிழங்கு தோலுரித்தபடி பேசியது வலைகளைப் பற்றித்தான்.

வேலைக்குப் போகிற வழியில் சமையலறைப் பின்கதவைத் தட்டி லோர்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இறகா? என்ர தலையணைக்குள்ளதான் இருக்கு" என்றாள் ஆங்கிலத்தில். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "நீ என்ன சொன்னாய்?"

"சரி எண்டு."

கத்தியைக் கழுவி வைத்தாள். "நான் வருவன். அவளுக்காக."

ஞாயிறு மண்டபத்தில் முதல் திரியை எம்.பி. ஏற்றினார். பிறகு தலைவர், வைத்தியர், கடை முதலாளி. கடைசித் திரி லோர்ணாவுக்கு. நீல ஸ்வெட்டரோடு வந்திருந்தாள். ஏற்றிவிட்டுப் பின்வரிசையில் போய் இருந்தாள். ஒருவர் மாறி ஒருவர் சுயநிர்ணய உரிமை பற்றி இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். கனடாவுக்கு நன்றி சொன்னார்கள். அவள் செத்த நாளிலிருந்து வராத கோபம் எனக்கு அந்த நன்றியில் வந்தது.

கடைசியில் வேரோனிக்காவுக்கு அஞ்சலி. நான் பேசவேண்டும். மைக்கைக் கழற்றிக்கொண்டு பின்வரிசைக்கு நடந்தேன். அதை லோர்ணாவிடம் கொடுத்தேன்.

நவரட்ணம் அண்ணை ஓடிவந்தார். "டேய், உது உன்ர மனுசிக்கு ஒதுக்கின நேரம்!"

"ஓம். அவவின்ர நேரந்தான்."

லோர்ணா தம்பியின் பெயரைச் சொன்னாள். ஏரியின் பெயரைச் சொன்னாள். எம்.பி. கோட்டை எடுத்தார். யாரோ மைக்கை நிற்பாட்டினார்கள். அவள் நிற்பாட்டவில்லை. சனம் கதிரைகளை மடக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலால் வலையின் நீளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலிக்கு வந்திருந்த பாதிரியார் என் தோளைப் பிடித்து, மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். ஜெபம் ஏதும் எதிர்பார்த்தார் போல.

அன்று காலை வேலைக்குப் போகையில் வேரோனிக்கா லிஃப்டுக்குள் நின்று, கையுறை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"இஞ்சருங்கோ, நிகழ்ச்சி நிரல் ரைப் பண்ணேக்க லோர்ணாவை முதலாவதாப் போடுங்கோ. நாங்கள் பிந்தி வந்தனாங்கள்தானே."