நாற்பத்தேழாம் எண் ஊழியர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அக்காவிடமிருந்து திருடியது. கேட்டுத்தான் திருடினேன் என்பதால் 'வாங்கியது' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: எழுதுகிற ஒவ்வொரு பக்கத்தையும் அவளிடம் காட்ட வேண்டும். காட்டினேன். சிவப்புப் பேனாவால் அவள் ஓரத்தில் கிறுக்கியவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். எடுத்தால் வம்பு.

அக்கா நிர்வாகவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். வயது நாற்பத்து மூன்று. (வயசு எதுக்குடா?) ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தலைப்பைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'நடுத்தரத் தொழிற்சாலைகளில் டிஜிட்டல் தொழில்நுட்பம் வழியே நீடித்த நிலைத்தன்மை மேலாண்மை: ஊழியர் மனப்பான்மை குறித்த ஓர் ஆய்வு.' எங்கள் குடும்பத்தில் இதைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒருவர்தான். அவர் 'முனைவர்' என்று பொறித்த பெயர்ப்பலகையை முன்கூட்டியே செய்து வாங்கி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அது அக்கா உட்பட எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியும் என்பது மட்டும் மாமாவுக்குத் தெரியாது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

'வெண்ணிற நீராவிக்கு நடுவே அந்த உருளைகள் ஒரு ராட்சசனின்' — வேண்டாம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ராட்சசனுக்கு வேலை காலி இல்லை.

'இன்றைய போட்டி மிகுந்த உலகில் டிஜிட்டல் தொழில்நுட்பமானது இன்றியமையாத' — இது அக்காவின் ஆய்வேட்டு முதல் வரி. (அதை நான் போன வருஷமே அடிச்சுட்டேன்.)

'அவர் ஒரு சாதாரண மனிதர்' — இப்படித் தொடங்கும் எந்தக் கதையிலும் அவர் சாதாரண மனிதராக இருந்ததில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. பாய்லரிலிருந்து நீராவி வரும், உருளைகள் சூடாகும், அவற்றுக்கிடையே காகிதம் நெளிநெளியாக மடிந்து, பசை தடவப்பட்டு, அட்டையாக வெளியே வரும். மூன்று ஷிப்ட். இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் எண்பத்தாறு பேர். தண்ணீர், மின்சாரம், விறகு எல்லாவற்றையும் அளக்க முதலாளி புதிதாக சென்சார்கள் பொருத்தியிருந்தார். அளவுகள் அவருடைய குளிர்சாதன அறையில் ஒரு பெரிய திரையில் ஓடும். எல்லாம் சரியாக இருந்தால் திரை பச்சை. எப்போதும் பச்சைதான்.

இந்தப் பச்சையைப் பற்றி அந்த எண்பத்தாறு பேரும் என்ன நினைக்கிறார்கள்? இதுதான் அக்காவின் ஆய்வு. கணினியில் நிரப்பும்படி முப்பது கேள்விகளைத் தயாரித்து மனிதவள மேலாளருக்கு அனுப்பினாள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் 'சுத்தமாக ஒப்பவில்லை', ஐந்து என்றால் 'முழு மனதோடு ஒப்புகிறேன்'. கடைசியில் கருத்து எழுத ஒரு பெட்டி. பெயர் கிடையாது, எண் மட்டும்.

ஒரு மாதம் ஒரு பதிலும் வரவில்லை. பிறகு திடீரென்று, இரண்டே நாளில், எண்பத்தாறும் வந்துவிட்டன.

3

பதில்கள் அபாரமாக இருந்தன. தொழில்நுட்பத்தின் மீது நம்பிக்கை: ஐந்துக்கு நாலு புள்ளி மூன்று. அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாராம். அவர் முழுதாக எழுந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் நாற்பத்தேழாம் எண் மட்டும் முரண்டு பிடித்தது. எல்லாக் கேள்விக்கும் ஒன்று, இரண்டு. கருத்துப் பெட்டியில் இப்படி எழுதியிருந்தது:

'திரை பச்சையாக இருக்கிறது என்கிறார்கள். மூன்றாம் உருளைக்குக் கீழே ஒரு குழாயில் கொதிக்கும் தண்ணீர் நாள் முழுக்கச் சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாயில் மீட்டர் கிடையாது. அளக்காத இடத்தில் எதுவும் வீணாவதில்லை போலும்.'

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றெரிச்சல். இருபது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒன்று வாய்க்கவில்லை. (உன் கதைங்களப் பத்தி நான் கருத்து சொல்ல விரும்பல.)

அக்கா அதைத் தன் இடைக்கால அறிக்கையில் சேர்த்தாள். அதைப் படித்த முதலாளி ஆள் அனுப்பிப் பார்த்தார். உண்மைதான். உருளையில் குளிர்ந்த நீராவி தண்ணீராகித் திரும்ப பாய்லருக்குப் போக வேண்டியது, வால்வு பழுதாகி மூன்று வருடமாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. சரிசெய்தார்கள். வாரத்துக்கு ஒரு லாரி விறகு மிச்சமாயிற்று. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தொழிலதிபர்கள் கூடும் மாநாட்டில் நாற்பத்தேழாம் எண் ஊழியரை மேடையேற்றிப் பாராட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

"பேரைச் சொல்லமாட்டோம்னு உறுதி குடுத்துத்தான் சார் கேட்டோம். வேணும்னா அவர்கிட்டயே சம்மதம் கேக்கறேன்."

கேட்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. அக்கா பதில்கள் பதிவான நேரங்களை எடுத்துப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல் முறையாக. (சரி, ஒத்துக்கறேன்.) முதல் பதில் காலை ஒன்பது பத்துக்கு. பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்று. மதியம் ஒரு மணி முதல் ஒன்றரை வரை எதுவும் இல்லை. மறுநாளும் அப்படியே. மூன்று ஷிப்ட் ஓடுகிற தொழிற்சாலையில் எண்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவார்களா?

4

இனி கடிகாரம் வருகிறார். தொழிற்சாலை வாசலில் உள்ள டைம் ஆபீசில், யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று பதிவு செய்யும் எழுத்தர். தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய் ஒன்றரைக்குத் திரும்புகிறவர் அங்கே அவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைக் கடிகாரம் என்றே கூப்பிடுவார்கள். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அதனால் அடர்த்தியான மீசை ஒன்று வைத்துவிட்டேன். (மீசையே கிடையாதுடா.) எடுத்துவிட்டேன்.

அவரை எப்படி எழுதுவது என்று எனக்குக் குழப்பம். ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் எளிது. பாவப்பட்டவர் என்று எழுதினால் இன்னும் எளிது. இரண்டையும் அக்கா அடித்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"எண்பத்தாறும் நீங்கதானா?" என்று நேரடியாகவே கேட்டிருக்கிறாள்.

"ஆமா மேடம். மேனேஜர் வந்து, 'யாருக்கும் நேரமில்ல, நீயே ரெண்டு நாள்ல முடிச்சுடு'ன்னாரு. முடிச்சேன். ஆனா மேடம், ஒவ்வொருத்தரும் வேற வேற ஆளு."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். எண் போட்டு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. பன்னிரண்டு: புதிதாகக் கல்யாணமானவர், எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவார். முப்பத்தொன்று: கண் மங்கல், கேள்வியைப் பாதிதான் படிப்பார். நாற்பத்தேழு: முதுகு வலி, யார் முகத்துக்காகவும் பேசமாட்டார்.

"ஒருத்தர் முன்னாடி சொன்னதை அவரே பின்னாடி மாத்திச் சொல்லிடக்கூடாதில்ல? அதான் எழுதி வச்சுக்கிட்டேன்."

அக்கா கோபத்தில் சத்தம் போட்டிருக்கிறாள். "என்னோட ஏழு வருஷம் சார் இது! மூணு வாரத்துல சமர்ப்பிக்கணும். விளையாட்டாப் போச்சா உங்களுக்கு?"

அவர் நோட்டை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். அக்கா கொஞ்சம் தணிந்து, "அந்தக் கொதிதண்ணி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"சைக்கிள நிறுத்தப் போற வழி அதுதான் மேடம். மூணு வருஷமா காலு சுடுது."

"அதை உங்க பேர்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் போனேன். முதல்ல எனக்குன்னு ஒண்ணு தொறந்தேன். 'நீங்க உற்பத்திப் பிரிவா?'ன்னு கேட்டுச்சு, இல்லைன்னு அமுக்கினேன். 'நன்றி, வணக்கம்'னு மூடிக்கிச்சு."

அந்தக் கேள்வியை வைத்தவள் அக்கா.*

* இந்த இடத்தில் அக்கா எதுவும் எழுதவில்லை. சிவப்புப் பேனாவின் புள்ளி மட்டும் இருக்கிறது.

5

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: அக்கா வாயைத் திறக்காமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறாள். பெயர்ப்பலகை வாசலுக்கு வருகிறது. (பேராசிரியர் இதைத்தான் சொன்னாரு. "பத்துல ஒன்பது பேர் இப்படித்தாம்மா, விடு"ன்னாரு.)

இரண்டாம் முடிவு: அக்கா உண்மையைச் சொல்கிறாள், கடிகாரத்துக்கு வேலை போகிறது, அவர் ஒரு நாவல் எழுதி (அடேய்.)

மூன்றாவதில் முதலாளி மனம் திருந்துவதாக இருந்தது. அதை நானே கிழித்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

உண்மையில் நடந்தது வேறு. அக்கா சமர்ப்பிப்பை ஆறு மாதம் தள்ளிவைத்தாள். மாமாவிடம் சொன்னபோது அவர் எதுவும் கேட்காமல் பீரோவை இன்னும் கொஞ்சம் சுவரோடு நெருக்கித் தள்ளினாராம். கல்லூரியில் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு, முனைவர் பட்டம் முடித்த இளையவர் ஒருவருக்குப் போயிற்று. அவள் காகிதத்தில் வினாத்தாள் அச்சடித்துக்கொண்டு, ஆறு வாரம், ஷிப்ட் மாறும் நேரமெல்லாம் தொழிற்சாலை வாசலில் நின்றாள். காலை ஆறு மணிக்கும் நின்றாள், மதியம் இரண்டு மணிக்கும் நின்றாள். எண்பத்தாறு பேரையும் பிடித்தாள்.

நிஜமானவர்கள் கடிகாரத்தின் ஆட்களைப் போல் சுவாரசியமாக இல்லை. பாதிப் பேர் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டார்கள். ஒருவர், "எதுக்கும்மா இது, ஆளைக் குறைக்கவா?" என்று கேட்டுவிட்டு நிரப்பாமல் போய், மறுநாள் வந்து நிரப்பினார். இருபத்திரண்டு பேர் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கு அப்படியொரு திரை இருப்பதே தெரியாது.

அந்த நாற்பத்தொன்றுதான் இப்போது ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம். நம்பிக்கை நாலு புள்ளி மூன்றிலிருந்து இரண்டு புள்ளி ஒன்பதாக இறங்கிவிட்டது. பேராசிரியர் எழவே இல்லை.

6

முதலாளியிடமும் சொன்னாள்.

"சார், முதல் தடவை வந்த பதிலெல்லாம் தொழிலாளிங்க குடுத்தது இல்ல. அதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப அந்தத் தண்ணி?"

"தண்ணி நிஜம்."

"யாரு நிரப்பினது?"

அக்கா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதவள மேலாளருக்குத் தெரியும். சொன்னால் "யார் நிரப்பச் சொன்னது" என்ற அடுத்த கேள்வி தன் பக்கம் திரும்பும் என்பதும் தெரியும். அவர் மேசைமேல் இருந்த மாதிரி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறை பார்ப்பவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

ஆக, கடிகாரம் பேசாமல் இருக்கும்வரை பத்திரம்.

அக்கா வெளியே வந்து, வினாத்தாளில் 'உற்பத்திப் பிரிவா?' என்ற முதல் கேள்வியைப் பேனாவால் அடித்துவிட்டு, எண்பத்தேழாவது தாளைக் கடிகாரத்திடம் நீட்டினாள். அடியில் இரண்டு கட்டங்கள் புதிதாகச் சேர்த்திருந்தாள்: 'என் பெயரை நிர்வாகத்திடம் சொல்லலாம்.' 'சொல்லக்கூடாது.'

"சொல்லலாம்னு போட்டா மேடையும் கிடைக்கலாம், வேலையும் போகலாம். உங்க இஷ்டம் சார்."

எண்பத்தாறு பேருக்கு இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தவர், இந்த ஒன்றைப் பதினொரு நாள் வைத்திருந்தார். நடுவில் ஒரு முறை, "தப்பா எழுதிட்டா இன்னொரு தாள் தருவீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். தந்திருக்கிறாள்.

7

இந்தத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டார். நான்காக மடித்து, ஸ்டேப்ளர் அடித்து. அக்கா சமையலறையில் நின்றபடி பிரித்துப் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்தவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்ன போட்டிருக்காரு?"

"உனக்கெதுக்கு?"

"கதைக்கு முடிவு வேணும்க்கா."

"ரகசியம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எந்தக் கட்டம்னாவது சொல்லேன். நான் கற்பனைன்னு எழுதிக்கறேன்."

"கற்பனை பண்ணி நிரப்பினவங்களாலதான்டா என் ஆறு மாசம் போச்சு."

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, அடுப்பைச் சின்னதாக்கினாள்.

அக்காவின் இறுதி அறிக்கை, அவர் பெயரோடோ பெயர் இல்லாமலோ, முதலாளியின் மேசைக்கு வெள்ளிக்கிழமை போகிறது. நான் கதையை வியாழக்கிழமை அனுப்ப வேண்டும். நாலாவதாக ஒரு முடிவு எழுத உட்கார்ந்தேன். 'கடிகாரம் பேனாவை எடுத்து, முதல் கட்டத்தில்' — அதற்கு மேல் கை போகவில்லை. அவருக்காக நான் நிரப்பினால், எண்பத்தேழாவது தாளும் யாரோ ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நிரப்பியதாகிவிடும்.

நீங்கள் வேண்டுமானால் மனதுக்குள் ஒரு கட்டத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். (எல்லாம் படிச்சுட்டேன். இதோட நிறுத்து.)