மெழுகு போட்ட தரை

அண்ணி ஆஸ்பத்திரியில் தரைக்கு மெருகேற்றும் இயந்திரம் ஓட்டுபவள். அவள் கொழுந்தனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்கே தெரியாத திருகுகளைப் பேசிக்கொண்டே மாட்டிவிடுவான். அந்த வீட்டில் இருவரும் விடாமல் பேசிக்கொண்ட ஒரே விஷயம் ஒரு ரிமோட் கார். முழங்கை நீளம் இருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் டயர். நேராக ஓட அல்ல, வளைவுகளில் பின்புறத்தை வீசி, பக்கவாட்டில் சறுக்கி ஓடுவதற்கென்றே செய்த வண்டி.

கார் கொழுந்தனுடையது. சக்கரத்தின் சாய்வை அரை டிகிரி மாற்றிவிட்டு அரை நாள் யோசிப்பான். ஆனால் போட்டியென்று வந்துவிட்டால் பதறிவிடுவான். போன வருஷம் முதல் சுற்றிலேயே இரண்டு தடவை தடத்தோரப் பலகையில் கொண்டுபோய் முட்டினான். இந்த வருஷம் விண்ணப்பத்தில் ஓட்டுபவர் என்ற இடத்தில் அண்ணியின் பெயரை எழுதிவிட்டு வந்து நின்றான்.

"என்னைக் கேக்காமலா எழுதினே?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா அண்ணி?"

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கணும்."

அவன் வண்டியை அவள் ஓட்டத் தொடங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. முதல் நாளே அது அவளுக்கு அடங்கியது. மெருகேற்றும் இயந்திரமும் அதே ஜாதிதான். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் வலப்பக்கம் போகும், இறக்கினால் இடப்பக்கம். மல்லுக்கட்டினால் ஆளையே சுவரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் காரின் பின்புறம் வீசும்போது மற்றவர்களைப் போல அவள் பதறுவதில்லை. போகிற பக்கம் போகவிட்டு, லேசாகத் திருப்பிப் பிடிப்பாள்.

போட்டி ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில். காலையில் ஒத்திகைக்கு இறங்கிய கார்களெல்லாம் பம்பரமாகச் சுழன்றன. இரண்டு வருஷமாகத் தொடர்ந்து ஜெயித்த மீசைக்காரரின் காரும் தப்பவில்லை. கொழுந்தனுக்கு முகம் செத்துவிட்டது.

"எல்லாரும் பிடிப்பான டயருக்கு மாத்துறாங்க அண்ணி. நாமளும் மாத்திடலாம்."

அண்ணி குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நேத்துதான் மெழுகு போட்டிருக்காங்க. போட்டவன் அதைத் தேய்ச்சு மெருகேத்தாம வீட்டுக்குப் போயிட்டான். இத்தனை கார் ஓடினா மதியத்துக்குள்ள தடத்துல இருக்கிற மெழுகெல்லாம் போயிடும். அப்ப பிடிப்பான டயர் போட்டவங்க வண்டி சறுக்கவே சறுக்காது. நீ பேட்டரியை மட்டும் பின்னாடி தள்ளி வை. பின்சக்கரத்துல பாரம் இருந்தா போதும்."

"நிச்சயமாவா?"

"தரை என் வேலை. திருகு உன் வேலை."

காலைச் சுற்றில் எட்டாவதாகத் தப்பித்தாள். அடுத்த சுற்றுக்கு எட்டுப் பேர்தான். மதியம் ஒரு மணிக்குத் தரை அவள் சொன்னபடியே மாறியது. டயர் மாற்றியவர்களின் கார்கள் வளைவில் சறுக்க வேண்டிய இடத்தில் வெடுக்கென்று நிமிர்ந்து பலகையை நோக்கி ஓடின. கொழுந்தன் பேட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். அண்ணி ஒருவர் பின் ஒருவராக இருவரைத் தோற்கடித்தாள். மற்றவர்கள் டயரை மீண்டும் மாற்றுவதற்குள் அவள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். அங்கே எதிரே நின்றவர் மீசைக்காரர்.

இறுதிப் போட்டியில் இரண்டு கார்களும் ஒன்றாக ஓட வேண்டும். முன்னால் போகிற கார் வழி காட்டும். பின்னால் வருவது அதன் கதவோரம் ஒட்டிக்கொண்டு, அதே கோணத்தில் சறுக்கி வர வேண்டும். மோதக் கூடாது. பிறகு இடம் மாறி இன்னொரு ஓட்டம்.

முதல் ஓட்டத்தில் அண்ணி முன்னால் போனாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவள், கடைசி வளைவில் மீசைக்காரரின் காரைத் தட்டிவிட்டாள். அது குடைசாய்ந்தது.

மூன்று நடுவர்களும் தலைசேர்த்துப் பேசினார்கள். முன்னால் போனவர் திடீரென்று வேகத்தைக் குறைத்ததாக முடிவு. தப்பு மீசைக்காரருடையது, வெற்றி அண்ணிக்கு. கொழுந்தன் குதித்தே விட்டான்.

அண்ணி கையைத் தூக்கினாள். "அவர் வேகத்தைக் குறைக்கலைங்க. நான்தான் சீக்கிரமா உள்ளே நுழைஞ்சேன்."

கொழுந்தன் அவள் காதருகே வந்து பல்லைக் கடித்தான். "அண்ணி, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? கைக்கு வந்துடுச்சு!"

"வந்தது அவரோடது. என்னோடதை நான் எடுத்துக்கறேன், இரு."

நடுவர்களுக்கு இப்படியொருத்தியைப் பார்த்துப் பழக்கமில்லை. அவளைத் தோற்றதாகச் சொல்லவும் மனம் வரவில்லை. இரண்டு ஓட்டங்களையும் மறுபடி ஓட்டச் சொன்னார்கள். கொழுந்தன் பார்க்க மாட்டேன் என்று கருவிப் பெட்டியின் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

இந்தத் தடவை முன்னால் போனபோது அவள் பலகையை உரசுகிற மாதிரி வாலை வீசினாள். மீசைக்காரர் நெருங்கப் பயந்து ஒரு சாண் பின்தங்கினார். இடம் மாறியதும் அவள் அவர் காரின் கதவோரம் ஒட்டினாள். அவர் திரும்பினால் திரும்பினாள், அவர் வேகம் பிடித்தால் இவளும் பிடித்தாள். தட்டிய அதே வளைவில் இந்தத் தடவை கண்ணிமைக்கும் நேரம் காத்திருந்து உள்ளே நுழைந்தாள். இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழையும். அது கடைசிவரை இரண்டு விரலாகவில்லை.

மூன்று நடுவர்களும் அவள் பக்கமே கை காட்டினார்கள். கைதட்டல் கேட்டுத் திரும்பிய கொழுந்தன் பெட்டியோடு சேர்ந்து சாய்ந்தான். திருகுகள் அரங்கம் முழுக்கச் சிதறின.

மீசைக்காரர் வந்து கை கொடுத்தார். "குடுத்ததை வேணாம்னு சொன்னீங்களேம்மா, பயமா இல்லையா?"

"திரும்ப ஓட்டினாலும் நான்தானே ஜெயிக்கப்போறேன்? அதுல பயம் எங்கே வந்துச்சு?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் காரைக் கவிழ்த்துக் காட்டினார். பின்சக்கரம் கொஞ்சம் உள்ளே திரும்பியிருந்தது. அதுதான் அவர் ஜெயித்துவந்ததன் ரகசியம். திருகு பொறுக்குவதை விட்டுவிட்டுக் கொழுந்தன் ஓடி வந்தான். மூவரும் தரையில் குந்தி, தலைகள் முட்ட, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி வந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.